அறுவடை நிலா: அடுத்தடுத்த மாலைகளில் தாமதிக்காமல் எழும் முழுநிலவு

ஓர் ஆண்டில் பன்னிரண்டு முழுநிலவுகள் வருகின்றன. சில ஆண்டுகளில் பதின்மூன்று. கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம் என்று பருவங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும் ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற பகுதிகளில், அவற்றுள் ஒன்றை மட்டும் 'அறுவடை நிலா' என்று தனித்துச் சொல்வது நெடுநாள் வழக்கம். செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் நாள் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். அந்தச் சம இரவு நாளுக்கு மிக அருகில் அமையும் முழுநிலவுதான் அறுவடை நிலா. பெரும்பாலான ஆண்டுகளில் அது செப்டம்பரிலேயே வந்துவிடும். சில ஆண்டுகளில் அக்டோபரின் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போகும். 2025-ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு உலகப் பொது நேரப்படி செப்டம்பர் 7 அன்றும் அக்டோபர் 7 அன்றும் முழுநிலவு வந்தது. செப்டம்பர் 22-இல் அமைந்த சம இரவு நாளுக்கு முன்னது சரியாகப் பதினைந்து நாள் முந்தியும், பின்னது பதினான்கரை நாளுக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தியும் இருந்ததால், அரை நாள் வித்தியாசத்தில் அக்டோபர் நிலவுக்கே அந்தப் பெயர் கிடைத்தது. 2026-இல் அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. செப்டம்பர் 26 அன்று அது வருகிறது.

அறுவடை நிலா என்றவுடன் வழக்கத்தைவிடப் பெரிதாகவும், செம்மஞ்சளாகவும், கண்ணைக் கவரும் ஒளியோடும் எழும் ஒரு நிலவைத்தான் பலரும் மனத்தில் கொள்கிறார்கள். உண்மையில் அதன் அளவிலோ ஒளியிலோ தனிச்சிறப்பு ஏதுமில்லை. சொல்லப்போனால், அந்த முழுநிலவு நாள்கூட அவ்வளவு முக்கியமன்று. அதற்கு அடுத்து வரும் மூன்று, நான்கு மாலைகளில்தான் விஷயம் இருக்கிறது.

நிலவு நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள், நிலவு தன் பாதையில் கிழக்கு நோக்கிச் சற்று நகர்ந்துவிடுகிறது. சூரியனை ஒப்பிட்டுக் கணக்கிட்டால் ஒரு நாளில் அது நகரும் தூரம் ஏறத்தாழ 12 பாகை. பூமி 1 பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும் என்பதால், நகர்ந்துபோன நிலவை அடிவானத்துக்கு மேலே கொண்டுவர மேலும் ஏறத்தாழ 50 நிமிடம் தேவைப்படுகிறது. நிலவு ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தாமதமாக எழும் என்று பள்ளிப் பாடத்தில் படிப்பது இதைத்தான். ஆனால் இந்த 50 நிமிடம் வெறும் சராசரிதான் என்பதைப் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் முழுநிலவையொட்டிய நாட்களில் இந்தத் தாமதம் அரை மணிக்கும் கீழே இறங்குகிறது. வேறொரு பகுதியில் ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிடுகிறது. அறுவடை நிலா என்பது இந்தத் தாமதம் மிகக் குறைவாக இருக்கும் முழுநிலவு.

இதனால் தரையில் நிற்பவருக்கு என்ன ஆகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முழுநிலவு நாளில் சூரியன் மேற்கே மறையும் நேரத்தையொட்டி நிலவு கிழக்கே எழும். இது எந்த மாதத்துக்கும் பொருந்தும். அதற்கு முந்திய வளர்பிறை நாட்களிலும் குறையில்லை, ஏனென்றால் சூரியன் மறையும்போதே நிலவு வானத்தில் ஏறி நிற்கும். முழுநிலவு கழிந்த பிறகுதான் மாதத்துக்கு மாதம் வேறுபாடு தெரிகிறது. மார்ச் மாதத்தில், 40 பாகை வட அட்சரேகையில், முழுநிலவுக்கு அடுத்த நாள் நிலவு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தே எழும். அதற்கும் அடுத்த நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்தி ஒளி முற்றிலும் அடங்கி, இருள் கவிந்து, நெடுநேரம் கழித்துத்தான் வெளிச்சம் வரும். செப்டம்பர் இறுதியில் அதே இடத்தில் அடுத்த நாள் தாமதம் அரை மணிக்கும் சற்றுக் குறைவு. அதற்கும் அடுத்த நாள் ஒரு மணி நேரம்தான். அந்தி ஒளி மங்கிக்கொண்டிருக்கும்போதே நிலவு தலைகாட்டிவிடுவதால், பகலுக்கும் நிலவொளிக்கும் இடையே இருட்டு புகுவதற்கு இடமே இல்லாத மாலைகள் தொடர்ந்து வருகின்றன.

இப்போது காரணத்துக்கு வருவோம். சூரியன் ஓராண்டில் விண்மீன்களின் பின்னணியில் நகர்வதுபோல் தோன்றும் பாதைக்குச் சூரிய வீதி என்று பெயர். நிலவின் பாதை இதிலிருந்து ஐந்து பாகையளவே சாய்ந்திருப்பதால், இரண்டும் ஒன்றே என்று இப்போதைக்குக் கொள்ளலாம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரிய வீதி அடிவானத்தை எப்போதும் ஒரே கோணத்தில் வெட்டுவதில்லை. பூமி சுழலச் சுழல அந்தக் கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது. செப்டம்பர் சம இரவு நாளின் மாலையில், சூரியன் மறையும் வேளையில், கிழக்கு அடிவானத்தோடு சூரிய வீதி ஆண்டிலேயே மிகக் குறைந்த கோணத்தில் சாய்ந்து படுத்திருக்கும். மார்ச் மாத மாலையிலோ அது ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். 40 பாகை அட்சரேகையில் இந்தக் கோணத்தைக் கணக்கிடுவது எளிது: 90-இலிருந்து 40-ஐக் கழித்தால் 50; அதிலிருந்து 23.4-ஐக் கழித்தால் செப்டம்பருக்கு 26.6 பாகை, அதனோடு 23.4-ஐக் கூட்டினால் மார்ச்சுக்கு 73.4 பாகை.

இந்தக் கோண வேறுபாடு தாமதத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத் தாளில் வரைந்து பார்த்தால் ஐயம் நீங்கிவிடும். ஒரு கிடைக்கோடு வரைந்து அதை அடிவானமாகக் கொள்ளுங்கள். அதிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து கீழ்நோக்கி 27 பாகைச் சாய்வில் ஒரு கோடும், 73 பாகைச் சாய்வில் இன்னொரு கோடும் வரைந்து, இரண்டிலும் 12 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு செ.மீ. என்பது ஒரு பாகை. முழுநிலவு நாளில் அடிவானத்தில் இருந்த நிலவு, மறுநாள் அதே நேரத்தில் அந்தப் புள்ளியில் இருக்கும். சாய்ந்த கோட்டில் அந்தப் புள்ளி அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ ஐந்தரை செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, நிமிர்ந்த கோட்டில் பதினொன்றரை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. இரண்டு நிலவுகளும் நகர்ந்த தூரம் ஒன்றே. ஆனால் ஒன்று அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, மற்றொன்று நேரே கீழே இறங்கிவிட்டது. 40 பாகை அட்சரேகையில் கிழக்கு வானம் மணிக்கு ஏறத்தாழ பதினொன்றரை பாகை வீதம் மேலே எழுவதால், முதல் நிலவு 28 நிமிடத்தில் வெளிவந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் நிலவு மேலும் சிறிது நகர்ந்துவிடும் என்பதையும் சேர்த்தால் மார்ச் மாதத் தாமதம் ஒரு மணியைத் தாண்டுகிறது.

பக்கவாட்டு நகர்வை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அறுவடை நிலாவையொட்டிய நாட்களில் நிலவு எழும் இடம் ஒவ்வொரு மாலையும் அடிவானத்தில் வடக்கு நோக்கி, அதாவது கிழக்கைப் பார்த்து நிற்பவரின் இடப்பக்கமாக, தள்ளிக்கொண்டே போகும். 40 பாகை அட்சரேகையில் ஒரு நாளைக்கு ஆறேழு பாகை என்பது முழுநிலவின் அகலத்தைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் இரண்டே மாலைகளில் தெரிந்துவிடும்.

இந்த நிகழ்வில் எனக்கு மிகச் சுவையாகத் தோன்றுவது, இது இலையுதிர் காலத்துக்கு மட்டும் உரியதே அன்று என்பதுதான். நிலவு சூரிய வீதியை ஒரு மாதத்துக்குள் முழுமையாகச் சுற்றிவிடுகிறது. ஆகவே வானத்தில் சூரிய வீதி படுத்த நிலையில் எழும் அந்தப் பகுதியை, அதாவது மீன மண்டலத்தையொட்டிய பகுதியை, அது மாதந்தோறும் ஒருமுறை கடக்கிறது. கடக்கும்போதெல்லாம் சில நாட்களுக்கு அதன் தாமதம் குறைந்தே இருக்கும். ஆனால் மார்ச் மாதத்தில் சூரியனும் அங்கேயே இருப்பதால், நிலவு அப்பகுதிக்கு வரும்போது அது அமாவாசையாக இருக்கிறது. யார் கண்ணிலும் படாது. ஜூன் மாதத்தில் அது தேய்பிறை அரைநிலவாக நள்ளிரவையொட்டி எழும். எழும் நேரத்தைக் குறித்துவைக்க அப்போது விழித்திருப்பவர் சிலரே. டிசம்பரில் அது வளர்பிறை அரைநிலவாக நண்பகலில் எழும். பகல் வெளிச்சத்தில் அதைத் தேடுவார் இல்லை. செப்டம்பரில் மட்டுமே சூரியன் எதிர்ப்பக்கத்தில் நிற்க, நிலவு முழுமையாக, மாலை வேளையில், எல்லாரும் விழித்திருக்கும்போது அந்தப் பகுதியில் இருக்கிறது. மாதந்தோறும் நடப்பது, மனிதர் கண்ணுக்குப் படும்படி ஆண்டுக்கு ஒருமுறையே நடக்கிறது.

இதைப் பொதுமக்களுக்குப் புரியும்படி விளக்கி எழுதியவர்களுள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபெர்குசன் குறிப்பிடத்தக்கவர். 1710-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் மிகக் குறைந்த காலமே படித்த அவர், சிறுவயதில் ஆடு மேய்க்கும் வேலைக்குப் போனார். இரவில் வயல்வெளியில் போர்வையோடு படுத்துக்கொண்டு, மணிகள் கோத்த நூலொன்றைக் கண்ணுக்கும் விண்மீன்களுக்கும் இடையே நீட்டிப் பிடித்து, மணிகளை நகர்த்தி விண்மீன்களின் இடைவெளியை அளந்து, அதைத் தாளில் குறித்துவைத்துத் தாமாகவே வானியல் கற்றார். பின்னாளில் புகழ்பெற்ற விரிவுரையாளராகிய அவர் 1747-இல் அறுவடை நிலாவின் காரணத்தை விளக்குவதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். வயலையும் இரவு வானத்தையும் ஒருசேர அறிந்த ஒருவர் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

சரி, இந்த வெளிச்சம் உழவருக்கு எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கும்? மிதவெப்ப நாடுகளில் பயிர் வளரும் காலம் குறுகியது. கோடையில் விளைந்ததை இலையுதிர் கால மழையும் உறைபனியும் வருவதற்குள் வீடு சேர்த்தாக வேண்டும். முற்றிய கதிர் வயலில் நின்றால் மணி உதிரும். நனைந்தால் கதிரிலேயே முளைவிடும். வேலை குவிந்து கிடக்கும் இந்த வாரங்களில்தான் பகலும் மிக வேகமாகக் குறைகிறது. ஜூன், டிசம்பர் மாதங்களில் பகலின் நீளம் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. சம இரவு நாளையொட்டியே மாற்றம் உச்சத்தில் இருக்கும். லண்டன் இருக்கும் அட்சரேகையில் அப்போது ஒவ்வொரு நாளும் பகல் ஏறத்தாழ நான்கு நிமிடம் சுருங்குகிறது; ஒரு வாரத்தில் அரை மணி நேரம் போய்விடும். அரிவாளும் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் மட்டுமே இருந்த காலத்தில், இழந்த அந்த நேரத்தை மாலை நிலவு ஈடுசெய்தது.

ஆயினும் அந்த வெளிச்சத்தை மிகைப்படுத்திவிடக் கூடாது. முழுநிலவின் ஒளி, சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். நிலவு வானில் நன்றாக உயர்ந்து நிற்கும்போதுகூட அது தரும் வெளிச்சம், இரண்டு மீட்டர் தொலைவில் எரியும் ஒரு மெழுகுவர்த்தி தருவதற்கு ஒப்பானது. அதைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். அடிவானத்தில் இருக்கும்போது ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் ஊடுருவி வருவதாலும், தரையில் சாய்ந்து விழுவதாலும் இன்னும் மங்கும். முழுநிலவு கழிந்த பின் வட்டத்தின் குறைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒளி விரைவாகக் குறையத் தொடங்குகிறது. இரண்டே நாளில் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும். ஏனென்றால், முழுநிலவு நாளில் நிலவின் மேடுபள்ளங்களின் நிழல்கள் நம் பார்வைக்கு மறைந்திருக்கின்றன. ஒளி விழும் கோணம் சற்று மாறினாலும் அவை வெளிப்பட்டு அதன் முகத்தை மங்கச் செய்கின்றன. இந்த ஒளியில் நிறம் பிரித்தறிய இயலாது. கூர்மையான கருவியைக் கையாள்வதும் கடினமே. ஆனால் அறுத்த கதிர்த்தாளைக் கட்டுவதற்கும், கட்டுகளை வண்டியில் ஏற்றுவதற்கும், வண்டியைப் பாதை தவறாமல் வீட்டுக்கு ஓட்டிச் செல்வதற்கும் அது போதும். இரவு முழுவதும் கதிரறுத்தார்கள் என்று எண்ணுவதைவிட, பகலில் அறுத்ததை இருட்டுக்குப் பயப்படாமல் முடித்து அனுப்பினார்கள் என்று எண்ணுவதே பொருத்தமாகப் படுகிறது. அந்தி ஒளி இருக்கும்போதே நிலவு எழுந்துவிடுவதன் நன்மையும் இங்கேதான்: அந்தி முற்றும் மறையும் வேளையில், அது ஒளிதரும் உயரத்துக்கு வந்திருக்கும்.

இடத்துக்கு இடம் இந்தப் பயன் மாறுபடும். வடக்கே போகப் போகச் சூரிய வீதி மேலும் படுத்துவிடுவதால் தாமதம் குறைந்துகொண்டே போகும். லண்டனில் அது ஏறத்தாழ 20 நிமிடம். ஆகவே மூன்றாம் நாள் மாலையிலும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலவு வந்துவிடும். ஆஸ்லோ, ஹெல்சிங்கி நகரங்களை ஒட்டிய 60 பாகையில் பத்து நிமிட அளவுதான். ஆர்க்டிக் வட்டத்தை நெருங்கும்போது தாமதம் மறைந்து, நிலவு அடுத்தடுத்த நாட்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழும். அதற்கும் வடக்கே சென்றால் முந்திய நாளைவிட முன்னதாகவே எழுந்துவிடும் விந்தையும் நடக்கும். தெற்கே வந்தால் நிலைமை தலைகீழ். 10 பாகை அட்சரேகையில் செப்டம்பர்த் தாமதம் ஏறத்தாழ 40 நிமிடம், மார்ச் மாதத்தில் 47 நிமிடம். ஏழு நிமிட வேறுபாட்டை யாரும் உணரப்போவதில்லை. நிலநடுக்கோட்டில் இரண்டு மாதங்களுக்கும் வேறுபாடே கிடையாது. வெப்பமண்டலத்தில் வாழ்பவர் இந்த நிலவைப் பற்றிக் கேள்விப்பட்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, மற்ற முழுநிலவுகளிலிருந்து இது எவ்வகையில் வேறு என்று கேட்டால், அவர் கேட்பது முற்றிலும் நியாயமே.

தென்கோளத்தில் பருவங்கள் மாறி வருவதுபோல் அறுவடை நிலாவும் மாறி வருகிறது. ஆஸ்திரேலியாவின் தென்பகுதி, நியூசிலாந்து, அர்ஜென்டினா ஆகிய இடங்களில் இலையுதிர் காலம் மார்ச் மாதத்தில் தொடங்குவதால், மார்ச் சம இரவு நாளுக்கு அருகிலுள்ள முழுநிலவே அங்கே குறைந்த தாமதத்தோடு எழும். செப்டம்பர் முழுநிலவு அங்கே நீண்ட இருட்டுக்குப் பின்தான் மறுநாள் வரும். வடகோளத்தில் அறுவடை நிலாவுக்கு அடுத்த முழுநிலவை வேட்டை நிலா என்பார்கள். அதற்கும் இதே பண்பு ஓரளவு உண்டு. அறுவடை முடிந்து வெறுமையாகிய வயல்களில் விலங்குகள் மறைவின்றித் தெரியும் காலம் அது.

நிறத்தையும் அளவையும் பற்றி ஒரு சொல். அடிவானத்தில் இருக்கும் எந்த நிலவும் செம்மஞ்சளாகவே தெரியும். காற்று நீல ஒளியைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பையும் மஞ்சளையும் மிச்சம் வைப்பதே காரணம். அடிவானத்தில் நிலவு பெரிதாகத் தோன்றுவது மூளை செய்யும் மயக்கம். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பார்த்தால், உச்சியில் இருக்கும்போதும் அடிவானத்தில் இருக்கும்போதும் அதன் அகலம் அரைப் பாகைதான். அறுவடை நிலா நாட்களில் மக்கள் மாலையில் வெளியே இருக்கும்போதே நிலவு பல நாட்கள் அடிவானத்தில் தென்படுவதால், இந்த இரண்டும் அதற்கே உரியவை என்ற எண்ணம் வேரூன்றியிருக்க வேண்டும். நிலவு பூமிக்கு அருகில் வரும் நாளும் இந்த முழுநிலவும் சில ஆண்டுகளில் சேர்ந்து வரலாம், சில ஆண்டுகளில் வராமலும் போகலாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.

நிலவின் பாதையும் சூரிய வீதியும் ஒன்றே என்று மேலே எடுத்துக்கொண்டதை இப்போது சற்றுத் திருத்த வேண்டும். அந்த ஐந்து பாகைச் சாய்வு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பது 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச் சுற்று வருகிறது. சாய்வு ஒரு பக்கம் இருக்கும்போது, செப்டம்பர் மாலையில் நிலவின் பாதை சூரிய வீதியைவிடவும் தாழப் படுத்துவிடும்; எதிர்ப்பக்கம் இருக்கும்போது சற்று நிமிர்ந்துகொள்ளும். 40 பாகை அட்சரேகையில் இதனால் அடுத்த நாள் தாமதம் ஏறத்தாழ 23 நிமிடத்துக்கும் 33 நிமிடத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நீண்டும், 2025-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிகச் சுருங்கியும் இருந்தது. வடக்கு நாடுகளில் வாழ்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தங்கள் கண்ணாலேயே அளந்து பார்க்க விரும்பினால், 2025-ஐ அடுத்த சில ஆண்டுகளின் அறுவடை நிலாக்களில் மூன்று மாலைகள் நிலவு எழும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, தாமதம் மீண்டும் நீளும் 2034-ஆம் ஆண்டின் குறிப்போடு ஒப்பிடலாம்.